நிக்கான் எஃப் பிறந்த கதை

நிக்கான் எஃப் கேமராவைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு உறுப்பாகக் கையில் எடுத்து, "இதை முதலில் செய்தது யார்?" என்று கேட்டுக்கொண்டே போனால், பெரும்பாலும் வேறு யாருடைய பெயராவதுதான் விடையாக வரும். லென்ஸ் வழியாக வரும் காட்சியை உள்ளே ஒரு கண்ணாடி வைத்துக் காட்டும் 35 மி.மீ. கேமராவை, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து இஹாகே நிறுவனம் 1936-லேயே கீனே எக்சாக்டா என்ற பெயரில் விற்றது. கண்ணுக்கு நேராகப் பிடித்து, இடம் வலம் மாறாத காட்சியைப் பார்க்க உதவும் ஐங்கோணப் பிரிஸம் 1949-ல் அதே டிரெஸ்டனில் கான்டாக்ஸ் எஸ் கேமராவோடு வந்தது. படம் எடுத்ததும் கண்ணாடி தானாகக் கீழே இறங்கும் ஏற்பாட்டை ஹங்கேரியின் டுஃப்ளெக்ஸ் முதலில் முயன்றது. ஜப்பானின் அசாஹி நிறுவனம் 1954-ல் அதை ஒழுங்காகச் செய்து காட்டியது. ஆனாலும் எஸ்.எல்.ஆர். எனப்படும் இந்த வகைக் கேமராவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1959-க்கு முன், 1959-க்குப் பின் என்று கோடு கிழிக்கிறார்கள். அந்த ஆண்டுதான் நிக்கான் எஃப் விற்பனைக்கு வந்தது.

அந்தக் கோடு எதற்காக என்று புரிய, அதற்கு முந்தைய எஸ்.எல்.ஆரோடு ஒரு புகைப்படக்காரர் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தால்தான் ஃபோகஸ் பார்க்க வெளிச்சம் போதும். பார்த்து முடித்ததும் அபெர்ச்சர் வளையத்தைக் கையால் திருப்பி மூட வேண்டும்; உடனே காட்சி இருண்டுவிடும். பட்டனை அழுத்தினால் கண்ணாடி மேலே போய் அங்கேயே நின்றுவிடும். அடுத்த ஃபிரேமுக்கு ஃபிலிமைச் சுற்றும்வரை கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதற்குள் பந்து வலைக்குள் போயிருக்கும், தலைவர் காரில் ஏறியிருப்பார். பூவையும் பூச்சியையும் எடுக்கிறவர்களும், நுண்ணோக்கியில் கேமராவை மாட்டும் ஆய்வுக்கூடத்துக்காரர்களும் இதைப் பொறுத்துக்கொண்டார்கள். செய்திப் படக்காரர்களால் முடியவில்லை. அவர்கள் கையில், லென்ஸுக்குப் பக்கத்தில் உள்ள தனி ஜன்னல் வழியாகப் பார்க்கும் லைக்கா, கான்டாக்ஸ் போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள்தான் இருந்தன.

நிக்கான் எஃபைச் செய்த நிறுவனத்தின் பெயர் அப்போது நிக்கான் அல்ல; நிப்பான் கோகாக்கு. 1917-ல் டோக்கியோவில் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடியும்வரை அதன் முதன்மையான வேலை ராணுவத்துக்கு லென்ஸ் கடைவது. யமாட்டோ போர்க்கப்பலின் உச்சியில் 15 மீட்டர் அகலத்துக்குக் கை விரித்து நின்ற தொலைவுமானி இவர்கள் செய்ததுதான். போரில் தோற்ற பிறகு அந்தத் தொழில் ஒரே நாளில் இல்லாமல் போனது. கண்ணாடி உருக்கவும் லென்ஸ் தீட்டவும் தெரிந்த கைகளுக்கு வேறு வேலை வேண்டியிருந்தது. 1948-ல் தங்கள் முதல் கேமராவை வெளியிட்டார்கள். லென்ஸை மாட்டும் மவுண்ட்டும் வெளித்தோற்றமும் கான்டாக்ஸைப் பார்த்து, ஷட்டர் லைக்காவைப் பார்த்து. ஒரே ரோலில் கூடுதல் படங்கள் கிடைக்கட்டும் என்று ஃபிரேமின் அளவை 24×32 மி.மீ. என்று வைத்தார்கள். கோடாக்ரோம் ஸ்லைடு சட்டங்கள் 24×36-க்கு வெட்டப்பட்டவை என்பதால், அப்போது ஜப்பானை ஆண்ட ஆக்கிரமிப்பு நிர்வாகம் அதை அமெரிக்காவுக்கு அனுப்ப அனுமதிக்கவில்லை. சிக்கனம் பார்த்துச் செய்த கணக்கு, பெரிய சந்தையின் கதவையே மூடிவிட்டது.

அந்தக் கதவைத் திறந்தது கேமரா அல்ல, ஒரு லென்ஸ். 1950-ல் 'லைஃப்' இதழின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தார். ஜுன் மிக்கி என்ற இளம் ஜப்பானியப் புகைப்படக்காரர், நிப்பான் கோகாக்கு செய்த 85 மி.மீ. நிக்கோர் லென்ஸை மாட்டிய கேமராவால் அவரை ஒரு படம் எடுத்தார். பிரிண்ட்டைப் பார்த்த டங்கன் அதன் கூர்மையை நம்ப முடியாமல் நேராக நிப்பான் கோகாக்குவுக்கே போனார். தன்னுடைய ஜெர்மன் லென்ஸ்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சில நாட்களில் கொரியப் போர் மூண்டது. தன் லைக்காவில் நிக்கோர் லென்ஸை மாட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து வந்த படங்களைப் பார்த்து நியூயார்க்கில் 'இது எந்த லென்ஸ்' என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஜப்பானியக் கேமராவைப் பற்றி எழுதியது.

1954-ல் லைக்கா எம்3 வந்தது. அதன் வியூஃபைண்டருக்குள் கண் வைத்துப் பார்த்த ஜப்பானியப் பொறியாளர்கள் ரேஞ்ச்ஃபைண்டரில் இதைத் தாண்டுவது எளிதல்ல என்று உணர்ந்தார்கள். நிப்பான் கோகாக்கு இரண்டு வழியிலும் நடந்தது. ஒருபக்கம் 1957-ல் எஸ்பி என்ற அருமையான ரேஞ்ச்ஃபைண்டரை வெளியிட்டார்கள். 28 முதல் 135 மி.மீ. வரை ஆறு லென்ஸ்களுக்கும் வியூஃபைண்டருக்குள்ளேயே சட்டங்கள் இருந்தன. மறுபக்கம் எஸ்.எல்.ஆர். வேலை நடந்துகொண்டிருந்தது. ரேஞ்ச்ஃபைண்டருக்கு 135 மி.மீ.க்கு மேல் மூச்சு வாங்கும். அதன் ஜன்னல் லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பதால், மிக அருகில் போனாலோ மிகத் தொலைவை இழுத்தாலோ கண் பார்ப்பதும் ஃபிலிம் பார்ப்பதும் வேறு வேறு. விளையாட்டு மைதானத்திலும் காட்டிலும் வேலை செய்கிறவர்களுக்கு நீண்ட லென்ஸ் வேண்டும். எதிர்காலம் அந்தப் பக்கம் இருக்கிறது என்று அவர்கள் கணித்தது சரி.

மசஹிக்கோ ஃபுக்கெட்டாவின் தலைமையில் பொறியாளர்கள் எடுத்த முடிவு துணிச்சலானது, அதே சமயம் சிக்கனமானது. கையில் தேறிய எஸ்பி இருக்கிறது. ஷட்டர், ஃபிலிம் சுற்றும் இயந்திரம், பின்மூடி எல்லாம் சோதித்து முடிந்தவை. அதன் உடலை நடுவில் பிளந்து கண்ணாடிப் பெட்டி ஒன்றை உள்ளே வைத்தார்கள்; தலையில் பிரிஸத்தை உட்கார வைத்தார்கள். எஃபைக் கையில் எடுத்ததும் விரலுக்குத் தெரியும் ஒரு வினோதத்துக்குக் காரணம் இதுதான்: ஷட்டர் பட்டன் முன்னால் இல்லாமல் மேல்தட்டின் பின் ஓரத்தில் இருக்கிறது. எஸ்பியில் அது அங்கே இருந்தது, இதிலும் இருந்துவிட்டது. ரோல் மாற்றும்போது பின்மூடியும் அடித்தட்டும் ஒரே துண்டாகக் கழன்று கையோடு வருவதும் எஸ்பி தந்த சொத்துதான். சேற்றில் நின்றுகொண்டு ரோல் மாற்றியவர்கள் அந்த மூடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாயில் கவ்விக்கொண்டார்கள்.

ஆனால் உள்ளே நடந்த வேலையில் குறை சொல்ல இடமில்லை. பட்டனை அழுத்தினால் அபெர்ச்சர் குறித்த அளவுக்கு மூடும், கண்ணாடி எழும், ஷட்டர் ஓடும், கண்ணாடி இறங்கும், அபெர்ச்சர் மறுபடி முழுக்கத் திறக்கும். எல்லாம் ஒரே மூச்சில், பேட்டரி இல்லாமல், வெறும் ஸ்பிரிங்கும் பல்சக்கரமுமாக. கண்ணுக்கு அது ஓர் இமைப்பு மட்டுமே. முதலில் வந்த சில கேமராக்களில் ஷட்டர் திரை துணியாக இருந்தது. விரைவிலேயே அதை டைட்டானியத் தகடாக மாற்றினார்கள். வியூஃபைண்டரில் ஃபிலிமில் விழும் படம் முழுவதும், நூற்றுக்கு நூறு, தெரிந்தது. ஓரத்தில் எதுவும் ஒளிந்துகொண்டு பிறகு பிரிண்ட்டில் வந்து நிற்காது.

வெளித்தோற்றத்துக்கு யூசாக்கு கமேக்குராவை அழைத்தார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸின் சின்னத்தை, வெள்ளைப் பின்னணியில் பெரிய சிவப்பு வட்டத்தை, வரைந்தவர் அவரே. மற்ற நிறுவனங்கள் பிரிஸத்தின் முனைகளை மழுக்கி, வளைத்து மறைத்துக்கொண்டிருந்த காலம். கமேக்குரா அதைக் கூர்மையான முக்கோணமாகவே நிறுத்தினார். மறைக்க வேண்டியது எதுவும் இல்லை என்கிற நெஞ்சுரம் அந்தக் கோடுகளில் தெரிகிறது. எத்தனையோ அழகான கேமராக்களைப் பார்த்தும், பிரிஸம் மட்டும் மாட்டிய வெற்று நிக்கான் எஃபுக்கு நிகராக ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

எஃபின் உண்மையான புதுமை அதன் உடலைச் சுற்றிக் கட்டப்பட்ட ஏற்பாட்டில் இருக்கிறது. லென்ஸ் மவுண்ட்டின் உள்வட்டத்தை 44 மி.மீ. என்று தாராளமாக வைத்தார்கள். மற்றவர்களில் பலர் லென்ஸைத் திருகித் திருகி மாட்டிக்கொண்டிருந்தபோது, இதில் ஒரே திருப்பில் 'டக்' என்று உட்கார்ந்தது. பிரிஸத்தைக் கழற்றிவிட்டு இடுப்பளவில் வைத்துப் பார்க்கும் ஃபைண்டரை மாட்டலாம். வேலைக்கு ஏற்றபடி ஃபோகஸ் திரையை மாற்றலாம். எஃப்-36 மோட்டார் டிரைவைக் கீழே பூட்டினால் நொடிக்கு மூன்று படம், கண்ணாடியை மேலே நிறுத்திவிட்டால் நான்கு. 250 படங்கள் பிடிக்கும் பின்மூடிகூட உண்டு. தொடக்கத்தில் வந்த 21 மி.மீ. லென்ஸ் மட்டும் விதிவிலக்கு: அதன் பின்பகுதி உள்ளே நீண்டு ஷட்டரைத் தொடும் அளவுக்குப் போவதால், கண்ணாடியை மேலே பூட்டிவிட்டுத் தனி ஃபைண்டர் வைத்துத்தான் பார்க்க முடிந்தது. எஸ்.எல்.ஆரின் உயிர்நாடியையே விட்டுக்கொடுத்தாவது அகன்ற லென்ஸைக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். தொழில்முறைப் புகைப்படக்காரர் எதைக் கேட்டாலும் 'இல்லை' என்று சொல்லிவிடக் கூடாது என்பதே அவர்கள் எண்ணம்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது கேனனை. அதே 1959-ல் கேனன்ஃபிளெக்ஸ் வந்தது, நல்ல கேமராதான். ஆனால் லென்ஸ் வரிசையும் துணைக்கருவிகளும் பின்தொடரவில்லை. சில ஆண்டுகளில் மவுண்ட்டையே மாற்றிவிட்டார்கள். அதற்கு ஓர் ஆண்டு முன்பு வந்த சூனோவும் எஃபின் பல வசதிகளைக் கொண்டிருந்தது. சில நூறு கேமராக்களோடு நின்றுபோனது. நல்ல கேமராவைச் செய்வதைவிட, அதை நம்பி லென்ஸ் வாங்கியவரைக் கைவிடாமல் இருப்பது கடினமான வேலை. நிப்பான் கோகாக்கு அதைச் செய்தது.

வியட்நாம் போரின் பல படங்கள் நிக்கான் எஃப் வழியாக உலகுக்கு வந்தன. மழையிலும் செம்மண் புழுதியிலும் அது வேலை செய்தது. கம்போடியாவில் டான் மெக்கலினை நோக்கி வந்த தோட்டாவை அவருடைய நிக்கான் எஃப் வாங்கிக்கொண்டது. துளைபட்ட அந்தக் கேமரா பின்னாளில் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 1971-ல் அப்போலோ 15 பயணத்துக்காக நாசா கேட்டபடி மாற்றிக் கொடுக்கப்பட்டதும் இந்த எஃபின் ஒரு வடிவம்தான்.

1962 முதல் ஃபோட்டோமிக் என்ற மீட்டர் வைத்த ஃபைண்டர்கள் வந்தன. தலை கனத்து, முகம் அகன்று, கமேக்குராவின் கோடுகள் மறைந்துவிட்டன. ஆனால் வெளிச்சத்தைக் கணக்கிடும் வசதியை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியாக வந்த எஃப்டிஎன்னில் லென்ஸை மாட்டியதும் அபெர்ச்சர் வளையத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒருமுறை திருப்ப வேண்டும். லென்ஸின் அதிகபட்சத் திறப்பை மீட்டர் தெரிந்துகொள்ள அதுதான் வழி. லென்ஸின் தலையில் நிற்கும் 'முயல்காது' மீட்டரின் இணைப்பு முளையைப் பிடித்து இழுக்கும். பழைய நிக்கான்காரர்களின் கைகள் இதை இன்றும் யோசிக்காமல் செய்யும். அன்று எல்லோரும் ஃபோட்டோமிக்கை வாங்கியதால், இன்று சேகரிப்பவர்கள் தேடி அலைவது வெற்றுப் பிரிஸத்தை. அடுத்துத் தேடுவது 6400001-ல் தொடங்கும் வரிசை எண்களில் முதலில் வந்தவற்றை. 64 என்பதைப் பார்த்து 1964-ல் செய்தது என்று நினைத்து விற்கிறவர்களும் உண்டு, வாங்குகிறவர்களும் உண்டு.

எஃப்2 1971-ல் வந்தபோது ஷட்டர் பட்டன் முன்னுக்கு நகர்ந்தது, பின்மூடிக்குக் கீல் கிடைத்தது. எஃப்3, எஃப்4, எஃப்5 என்று நீண்ட வரிசை 2004-ல் வந்த எஃப்6-ல் முடிந்தது. முதல் எஃப் மட்டும் 8,60,000-க்கும் அதிகமாக விற்றது. இந்த வரிசை முழுக்க லென்ஸ் மவுண்ட் மாறவில்லை. மீட்டரோடு இணையும் முறை 1977-ல் மாறியபோது, பழைய லென்ஸ்களின் வளையத்தை மாற்றித் தரும் ஏற்பாட்டையும் நிறுவனமே செய்தது. 2013-ல் வந்த டிஎஃப் என்ற டிஜிட்டல் கேமராவில் 1959-ன் லென்ஸை அப்படியே மாட்டிப் படம் எடுக்கலாம். ஐம்பதுகளில் ரேஞ்ச்ஃபைண்டருக்காகப் பிறந்த 105 மி.மீ. எஃப்/2.5 லென்ஸ், எஃப் மவுண்ட்டுக்கு மாறி, இடையில் உள்ளமைப்பும் புதுப்பிக்கப்பட்டு, 1984-ல் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமியின் படம் வரை வந்து சேர்ந்தது.

வீட்டு பீரோவில் பழைய நிக்கான் எஃப் ஒன்று இருந்தால் முதலில் அதைத் தோலுறையிலிருந்து வெளியே எடுங்கள். நம் ஊர் ஈரத்துக்குத் தோலுறைதான் பூஞ்சைக்குத் தாய்வீடு. லென்ஸுக்குள் வேர்விட்டால் போக்குவது கடினம். ஷட்டரை ஒரு நொடியில் வைத்து அழுத்திப் பாருங்கள். இழுத்து இழுத்து ஓடினால் எண்ணெய் காய்ந்திருக்கிறது, நல்ல மெக்கானிக் கையில் கொடுங்கள். ஃபோட்டோமிக் மீட்டர் வேலை செய்யாவிட்டால் கவலை வேண்டாம். அதற்கு வேண்டிய பாதரசப் பேட்டரியே இப்போது செய்யப்படுவதில்லை, கேமராவோ பேட்டரி இல்லாமல் ஓடக்கூடியது. கறுப்பு வெள்ளை ஃபிலிம் இன்றும் கிடைக்கிறது. ஒரு ரோல் போட்டு எடுத்துப் பாருங்கள்.