ரீமேக் வந்தால் ஒரிஜினல் எங்கே போகும்?

போன வாரம் டீக்கடையில் நண்பனோடு ஒரே சண்டை. பழைய நல்ல படங்களை ரீமேக் பண்றவங்களை எல்லாம் பிடிச்சு உள்ள போடணும்ங்கிறான். அதுக்கு அவன் காட்டின உதாரணம், 2007-ல் அஜித் நடிச்ச 'பில்லா'. "ரஜினியோட 1980 பில்லாவே, 1978-ல அமிதாப் நடிச்ச 'டான்' படத்தோட ரீமேக்தானேடா"ன்னு கேட்டேன். டீக்குக் காசு கொடுக்காமல் கிளம்பிட்டான் :-)

புதுப்படம் நல்லா இருக்கா இல்லையாங்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும். புதுசு வந்ததும் பழசுக்கு என்ன ஆச்சு? எனக்கு அதுதான் பெரிய கேள்வியாப் படுது. 1940-களின் ஹாலிவுட்டில் இதுக்குக் கிடைச்ச பதில் கொஞ்சம் பயங்கரமானது.

பேட்ரிக் ஹாமில்டன் எழுதி 1938-ல் இங்கிலாந்தில் மேடையேறிய நாடகம் 'கேஸ் லைட்'. மின்சாரம் வராத காலத்து லண்டன் வீடு. புருஷன் தினமும் ராத்திரி, பூட்டி வெச்சிருக்கிற மேல்மாடிக்குத் திருட்டுத்தனமாய்ப் போய், ஒளிச்சு வெச்ச நகையைத் தேடறான். அங்கே அவன் விளக்கேத்தினதும் குழாயில் வாயு அழுத்தம் குறைஞ்சு, கீழே மனைவி அறையில் விளக்கு மங்கும். அவள் கேட்டால், "எதுவும் மங்கலை, உனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சு"ன்னு அவளையே நம்ப வெப்பான். 2022-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதிக்காரங்க 'அந்த வருஷத்தோட சொல்'னு தேர்ந்தெடுத்தாங்களே, 'கேஸ்லைட்டிங்', அது பிறந்தது இங்கேதான்.

1940-ல் தொரால்ட் டிக்கின்சன் இதை இங்கிலாந்தில் படமாய் எடுத்தார். அப்புறம் எம்.ஜி.எம். உரிமையை வாங்கி, 1944-ல் ஜார்ஜ் க்யூகர் இயக்கத்தில் திரும்ப எடுத்தது. அதோட விட்டிருந்தால் பரவாயில்லை. பிரிட்டிஷ் படத்தின் நெகட்டிவையும் பிரிண்டுகளையும் ஒண்ணு விடாமல் அழிச்சிடப் பார்த்தாங்க! ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு யாரும் பார்த்துடக் கூடாதாம். 'அப்படி ஒரு படமே இல்லை, உனக்குத்தான் பிரமை'ன்னு ரசிகனைப் பார்த்துச் சொல்ற மாதிரி. அந்த வில்லன் புருஷன் செஞ்ச அதே வேலை. நல்லவேளை, சில பிரிண்டுகள் தப்பிச்சுது.

இதில் வயித்தெரிச்சல் என்னன்னா, 1944 படம் உண்மையிலேயே நல்ல படம். இங்க்ரிட் பெர்க்மன் அதுக்கு ஆஸ்கர் வாங்கினாங்க, வாங்க வேண்டியதுதான். ஆனா வில்லன்னா எனக்கு 1940-ல் நடிச்ச ஆன்டன் வால்ப்ரூக்தான். சார்லஸ் போயர் அழகாய்ப் பேசி ஏமாத்தறார். வால்ப்ரூக் சும்மா நின்னாலே வயித்தைக் கலக்குது. தவிர, பழைய படம் ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். புதுசு கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம், ஆரம்பத்தில் இத்தாலியில் காதல் எல்லாம் சேர்த்து.

எம்.ஜி.எம்.முக்கு இது முதல் தடவையும் இல்லை. 1931-ல் பாரமவுன்ட்டுக்காக ரூபன் மமூலியன் எடுத்த 'டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்'. ஃப்ரெட்ரிக் மார்ச்சுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த படம். கேமராவை வெட்டாமலே முகம் கண்ணெதிரே மாறும். மேக்கப்பை வெவ்வேற நிறத்தில் போட்டு, லென்ஸ் முன்னால் கலர் ஃபில்டரை மாத்திக்கிட்டே வந்தாங்க. கறுப்பு வெள்ளைப் படம்கிறதால நிறம் தெரியாது, கோடுகள் மட்டும் முளைச்சு வரும். 1941-ல் விக்டர் ஃப்ளெமிங், ஸ்பென்சர் ட்ரேசியை வெச்சு எம்.ஜி.எம். இதையும் ரீமேக் பண்ணினப்போ, பழைய படத்தையும் விலைக்கு வாங்கிப் பெட்டிக்குள்ள போட்டுட்டாங்க. பல வருஷம் யாரும் பார்க்க முடியலை. அந்த ரீமேக்கிலும் இங்க்ரிட் பெர்க்மன்! பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க.

பிரெஞ்சுப் படம் ஒண்ணுக்கும் இதே கதி. மார்செல் கார்னே 1939-ல் எடுத்த 'லே ஜூர் ஸ லேவ்'. 1947-ல் ஆர்.கே.ஓ. அதை 'தி லாங் நைட்'னு ரீமேக் பண்ணினப்போ பழைய பிரிண்டுகளைத் தேடித்தேடி ஒழிக்கப் பார்த்தாங்க. தப்பிச்சு, 1950-களில் திரும்ப வந்துச்சு. ரீமேக்கை இன்னிக்கு யார் ஞாபகம் வெச்சிருக்காங்க?

நம்ம ஊரில் இந்த மாதிரி யாரும் மெனக்கெட வேண்டியதே இல்லை. முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' (1931) பிரிண்ட் ஒண்ணுகூட மிஞ்சலை. எதிரியே இல்லாமல் நாமளே தொலைச்சாச்சு.

எம்.ஜி.எம்.மின் பழைய படங்கள் பின்னாடி கைமாறி வார்னர் கம்பெனிக்கு வந்துச்சு. அவங்க 2004-ல் டிவிடி போட்டப்போ, ரெண்டு 'கேஸ் லைட்'டையும் ஒரே தட்டில் சேர்த்துட்டாங்க, ஒரு பக்கம் 1940, மறுபக்கம் 1944. ஜெக்கில் படங்களும் அப்படியே ஜோடியாய் வந்துச்சு. கிடைச்சால் 1940-ஐ முதல்ல பாருங்க. அந்த டீக்கடை நண்பனுக்கும் ரெண்டையும் போட்டுக் காட்டப் போறேன், டீக்காசை வாங்கிட்டு.