சாட்சியும் சான்றும்: பெந்தெகொஸ்தே ஊழியர்களின் வாழ்க்கை வரலாறுகளை வாசிக்கும் முறை

பெந்தெகொஸ்தே ஊழியர்களின் வாழ்க்கை வரலாறுகள் நான்கைந்தைப் படித்தவருக்கு ஆறாவதன் போக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். மனந்திரும்புதல், நோயிலிருந்து விடுதலை, முழுக்கு ஞானஸ்நானம், அபிஷேகம், ஊழிய அழைப்பு, கையில் காசில்லாத விசுவாச வாழ்க்கை, ஏற்ற வேளையில் வந்த உதவி, எதிர்ப்பு, சபைகளின் பெருக்கம் என்று அது நகரும். சபையில் எழுந்து நின்று சொன்ன சாட்சியே அச்சேறி நூலாகிறது. இந்த ஒரே மாதிரித் தன்மையைக் கண்ட ஆய்வாளரில் சிலர் இவற்றைப் பக்திக் கதைகள் என்று ஒதுக்குகிறார்கள். வேறு சிலர் அற்புதங்களைக் கழித்துவிட்டு, எஞ்சியதை நேரடிச் செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு வழியும் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். யாருக்காக, எந்த மொழியில், யார் செலவில், நிகழ்ச்சி நடந்து எவ்வளவு காலம் கழித்து எழுதப்பட்டது என்பதை அறிந்த பிறகே சாட்சி வரலாற்றுச் சான்றாகிறது. அந்தக் கேள்விகளுக்கு விடை பெரும்பாலும் நூலுக்குள் இருப்பதில்லை. இதழ்களிலும் கடிதங்களிலும் பதிவேடுகளிலும் இருக்கிறது.

அசூசா தெரு: இதழும் முகவரிப் பட்டியலும்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெரு எழுப்புதல் இதற்கு முதல் சோதனைக்களம். அதை நடத்திய வில்லியம் சீமோர், முன்னாள் அடிமைகளின் மகனாக 1870இல் லூசியானாவில் பிறந்தவர். 1906 ஏப்ரல் 18 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளேடு இந்தக் கூட்டங்களை ஏளனம் செய்து எழுதியது. செப்டம்பரில் சீமோரின் சபை ‘அப்போஸ்தலிக் ஃபெய்த்’ என்ற இலவச இதழைத் தொடங்கியது. மறு ஆண்டில் அதன் பிரதிகள் 40,000ஐ எட்டியதாக அந்த இதழே அறிவித்தது. கூட்டங்களில் கலந்துகொண்ட பிராங்க் பார்ட்டில்மனின் நினைவு நூல் 1925இல்தான் வெளிவந்தது. டக்ளஸ் நெல்சன் சீமோரைப் பற்றிய தம் ஆய்வேட்டைப் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1981இல் அளித்தார்.

ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய இந்த நான்கு பதிவுகளும் நான்கு வெவ்வேறு தொலைவுகளில் நிற்கின்றன. நாளேட்டின் பகைமை வெளிப்படையானது. ஆனால் யாரெல்லாம் சேர்ந்து வழிபட்டார்கள் என்பதை உடனுக்குடன் பதிந்தது அதுதான். பார்ட்டில்மனின் நூல் நெடுங்காலம் நேர்சாட்சியாக மதிக்கப்பட்டது. ஆனால் அவர் 1906 ஆகஸ்டிலேயே வேறொரு தெருவில் தனிச் சபை தொடங்கியவர். அசூசா தெருவின் வீழ்ச்சியைப் பற்றி அவர் எழுதுவதைப் பிரிந்துபோனவரின் கூற்றாகவே படிக்க வேண்டும்.

சீமோர் ஏன் மறக்கப்பட்டார் என்ற கேள்விக்குச் சாட்சி நூல்கள் ஆவிக்குரிய காரணங்களையே சொல்கின்றன. இதழின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. அதன் தயாரிப்பில் முக்கியப் பங்காற்றிய கிளாரா லம் 1908இல் போர்ட்லாந்துக்குச் சென்று, புளோரன்ஸ் கிராஃபோர்டின் ஊழியத்தில் இணைந்தார். இதழும் சந்தாதாரர் முகவரிகளும் அங்கே சென்றன. இதை இரு தரப்பும் ஒரே விதமாகச் சொல்வதில்லை. விளைவில் மட்டும் ஐயமில்லை. நாடெங்கும் உலகெங்கும் இருந்த தம் வாசகர்களை எட்டும் வழியைச் சீமோர் இழந்தார். அவர் 1922இல் இறந்தபோது அவரது சபை சிறு கூட்டமாகச் சுருங்கியிருந்தது. ஓர் இயக்கத் தலைவரின் ஏற்ற இறக்கத்தை முகவரிப் பட்டியல் ஒன்று தீர்மானிக்க முடியும் என்பதை எந்த வாழ்க்கை வரலாறும் தானாகச் சொல்லாது. நிறவெறியின் பங்கும் இதில் பெரிது. வெள்ளையர் தலைமையிலான சபைகள் தங்கள் தொடக்கத்தை எழுதியபோது, மனிதர் எவரும் ஸ்தாபகர் அல்ல, ஆவியானவரே ஸ்தாபகர் என்றார்கள். கேட்கப் பணிவாக இருக்கும் இந்தக் கூற்று, கறுப்பின ஊழியர் ஒருவரின் பெயரை எழுதாமல் விடவும் உதவியது.

அருளப்பனின் நாட்குறிப்பு

அசூசா தெருவையே எல்லாவற்றுக்கும் ஊற்றாகக் கொள்ளும் பார்வைக்கு இந்தியச் சான்றுகள் இடம் தருவதில்லை. பண்டித ரமாபாயின் கேட்காவ் முக்தி மிஷனில் எழுப்புதல் 1905இலேயே தொடங்கிவிட்டது. அங்கே பணியாற்றிய மின்னி ஏப்ரம்ஸ் 1906இல் எழுதிய சிறுநூல் சிலியின் வால்பரைசோவுக்குச் சென்றது. 1909இல் அங்கே பிறந்த பெந்தெகொஸ்தே இயக்கத்துக்கு அது ஒரு தூண்டுகோல்.

தமிழகத்தின் சான்று இன்னும் பழையது. ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867) பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸிடம் பயின்றவர். மிஷனரி ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸின் தாக்கத்தால் மிஷன் சம்பளத்தை மறுத்து விசுவாச ஊழியத்தை ஏற்றவர். கிறிஸ்டியன்பேட்டையை மையமாகக் கொண்டு 1860இல் எழுந்த எழுப்புதலில் நடுக்கம், பாவ அறிக்கை, தரிசனங்கள், தீர்க்கதரிசனம், அந்நியபாஷை ஆகியவற்றை அவர் நாட்குறிப்பு பதிவு செய்கிறது. அதே ஆண்டில் சர்ச் மிஷனரி சங்கத்தின் ஆஷ்டன் டிப், வட திருநெல்வேலி எழுப்புதலைப் பற்றித் தம் சங்க இதழில் எழுதினார். உள்ளிருந்து எழுதியவரும் வெளியிலிருந்து பார்த்தவரும் ஒரே ஆண்டில் பதிவு செய்திருப்பது பெந்தெகொஸ்தே வரலாற்றின் தொடக்கக் கட்டங்களில் அரிதாகக் கிடைக்கும் நற்பேறு.

இந்த நாட்குறிப்பைத் தொகுத்து 1939இல் நூலாக்கியவர் ஜி. எச். லாங். அவர் பிரதரன் சபையைச் சேர்ந்தவர். பெந்தெகொஸ்தே இயக்கத்தின் அந்நியபாஷைப் போதனையைக் கண்டித்துத் தனி நூலே எழுதியவர். ஆக, இயக்கத்தின் மிகப் பழைய தமிழ்ச் சான்றுகளுள் ஒன்றை நமக்குக் காத்துக் கொடுத்தவர் இயக்கத்தை ஏற்காத ஒருவர். பதிப்பாசிரியர் எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்று கேட்பது நம் கடமை. ஆனால் பதிப்பாசிரியரின் சார்புக்கு எதிராக நிற்கும் செய்திகள் அந்த நூலிலேயே இருப்பது அதன் நம்பகத்தன்மையைக் கூட்டுகிறது. அருளப்பனைப் பெந்தெகொஸ்தேயினர் என்று அழைப்பதும் சரியன்று. அந்தப் பெயரில் இயக்கம் எதுவும் அன்று இல்லை. ஆவியின் வரங்களை எதிர்பார்த்த சுதேச ஊழியம், அமெரிக்கச் செய்தி வருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கிருந்தது என்பதுவரைதான் இந்தச் சான்று நம்மைக் கொண்டுபோகும்.

ஒரு பிளவு, இரண்டு நூல்கள்

சாட்சி நூல்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் படிப்பது எவ்வளவு பயன் தரும் என்பதற்குக் கேரளத்தின் 1930ஆம் ஆண்டுப் பிளவு நல்ல உதாரணம். அமெரிக்கரான ராபர்ட் குக் 1913இல் இந்தியா வந்து, மத்தியத் திருவிதாங்கூரில் சபைகளை வளர்த்தார். சுரியானி மரபிலிருந்து வந்த கே. இ. ஆபிரகாம் அவரோடு சேர்ந்து உழைத்து, பின்பு பிரிந்தார். அந்தப் பிரிவிலிருந்து வளர்ந்ததே இந்திய பெந்தெகொஸ்தே சபை. அது 1935இல் ஏலூரில் பதிவு செய்யப்பட்டது. குக் 1936இல் அமெரிக்காவின் சர்ச் ஆஃப் காட் அமைப்போடு இணைந்தார்.

இருவருமே தங்கள் வரலாற்றை எழுதினார்கள். குக்கின் நூல் 1955இல் ஆங்கிலத்தில் வந்தது; அதன் முதன்மை வாசகர்கள் மிஷனைத் தாங்கும் அமெரிக்கச் சபையார். ஆபிரகாமின் தன்வரலாறு மலையாளத்தில் கேரள விசுவாசிகளுக்காக எழுதப்பட்டது. ஒன்று நன்கொடையாளருக்குக் கணக்கு ஒப்பிக்கிறது. மற்றது சுயாட்சிக்கு நியாயம் சொல்கிறது. வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த ஆலயங்கள் யாருடையவை, ஊழியர்மீது அதிகாரம் யாருக்கு என்பனவே பிளவின் மையக் கேள்விகள். தலித் விசுவாசிகளில் பெரும்பாலோர் குக்கோடு நின்றதும், பிரிந்தவர்களின் தலைமை சுரியானி மரபினர் கையில் இருந்ததும் இந்தப் பிளவைப் போதனை வேறுபாடாக மட்டும் படிக்க விடுவதில்லை. ஆங்கில நூலை மட்டும் வைத்து எழுதினால் மிஷனரி மையமாகிறார். மலையாள நூலை மட்டும் வைத்தால் தேசிய உணர்வு மையமாகிறது. சாதியைக் காண இரண்டையும் தாண்டிப் பதிவேடுகளிடமும் வாய்மொழிச் சான்றுகளிடமும் போக வேண்டும்.

ஆபிரகாமுக்கு 1930இல் குருப்பட்டம் அளித்தவர் இலங்கை பெந்தெகொஸ்தே மிஷனின் பாஸ்டர் பால். கேரளத்தில் ராமன்குட்டி என்ற பெயரில் பிறந்து, 1920களில் ஆல்வின் டி ஆல்விஸோடு சேர்ந்து கொழும்பில் அந்த மிஷனைத் தொடங்கியவர் அவர். அதன் ஊழியர்கள் திருமணமும் தனிச் சொத்தும் துறந்து விசுவாச வீடுகளில் வாழ்கிறார்கள். சம்பளப் பதிவேடும் உயிலும் பிள்ளைகள் காத்துவைத்த கடிதக் கட்டும் அத்தகைய வாழ்விலிருந்து அதிகம் எஞ்சுவதில்லை. அவர்களின் தடங்கள் பிறர் எழுதியவற்றில்தான் மிகுதி. தமிழகம் முழுவதும் பரவிய ஓர் இயக்கம் கல்விசார் வரலாற்றில் மெலிந்து தோன்றுவதற்கு அதன் துறவு ஒழுக்கமே ஒரு காரணம்.

ஆவணக் காப்பகங்களின் சாய்வு

இன்று இத்துறை ஆய்வாளருக்கு வாய்ப்புகள் மிகுதி. மிசௌரி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டிலுள்ள ஃபிளவர் பெந்தெகொஸ்தே மரபு மையம் பழைய இதழ்களை எண்மமாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் சண்டர்லாந்திலிருந்து ஏ. ஏ. பாடி 1908 முதல் நடத்திய ‘கான்ஃபிடன்ஸ்’ இதழையும் இணையத்தில் படிக்கலாம். வால்டர் ஹோலன்வெகர் 1960களில் சூரிக்கில் பத்துத் தொகுதிகளாக அளித்த ஆய்வேடு உலகளாவிய பார்வைக்கு வழி திறந்தது. தென்னிந்தியாவுக்கு மைக்கேல் பெர்குண்டரின் நூல் (ஆங்கிலப் பதிப்பு 2008) அடிப்படை. இந்திய ஊழியர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை அது தனியே தொகுத்துத் தருவதால், சிதறிக் கிடந்த பெயர்களைத் தொடர்புபடுத்த முடிகிறது.

ஆனால் வசதி மிகுந்த காப்பகம் தனக்கென ஒரு சாய்வையும் உண்டாக்குகிறது. ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவர் இதழில் இடம்பெற்றார். இதழில் இடம்பெற்றவர் எண்மத் தேடலில் கிடைக்கிறார். மிஷனரியின் பிரசங்கத்தைத் தமிழில் பெயர்த்தவரும், கிராமம் கிராமமாக நடந்த வேதாகமப் பெண்ணும், பாஸ்டரின் வருமானமில்லாத வீட்டை நடத்திய மனைவியும் அதே இதழ்களில் பெயரற்ற உதவியாளர்கள். காப்பகத்தில் இல்லாதவர் வரலாற்றிலும் இல்லாதவர் என்ற முடிவுக்கு ஆய்வாளர் அறியாமலே வந்துவிடுகிறார்.

இந்தச் சாய்வை நிமிர்த்தும் சான்றுகள் தமிழில் இருக்கின்றன. சபைகளின் வெள்ளிவிழா மலர்கள், கன்வென்ஷன் துண்டறிக்கைகள், ஞானஸ்நானப் பதிவேடுகள், சார்பதிவாளர் அலுவலகத்து நிலப் பத்திரங்கள், கல்லறைக் கல்வெட்டுகள், பாட்டுப் புத்தகங்களின் பழைய பதிப்புகள் ஆகியவை அவை. துண்டறிக்கை ஒன்று, எந்த ஆண்டில் எந்த ஊரில் யார் மேடையேறினார் என்பதை மாற்ற முடியாதபடி சொல்லிவிடும். நிலப் பத்திரம், சபைக் கட்டடம் தனி மனிதர் பெயரிலா அறக்கட்டளை பெயரிலா என்பதைக் காட்டும். பின்னாளைய பல பிளவுகளின் வேர் அங்கேதான் இருக்கும். சாரா நவரோஜி போன்ற பெண் ஊழியர்களின் பாடல்கள் சபை எல்லைகளைத் தாண்டிப் பரவியதை, வெவ்வேறு சபைகளின் பாட்டுப் புத்தகங்களை ஒப்பிட்டே நிறுவ முடியும்.

விசுவாசிகள் இதற்கு ஒரு மறுப்பு வைத்திருக்கிறார்கள். ஆவியானவரின் செயலைப் பத்திரத்திலும் பதிவேட்டிலும் தேடுவது விசுவாசத்தைக் குறைப்பதாகாதா என்பார்கள். ஆகாது. பதிவேடு அற்புதத்தை மெய்ப்பிக்கவும் செய்யாது, மறுக்கவும் செய்யாது. அது சாட்சி சொன்னவர் வாழ்ந்த சூழலைத் திரும்பத் தருகிறது. சாட்சி நூலும் இதனால் மதிப்பிழப்பதில்லை. தம் வாழ்வில் எதைத் தேவசெயலாக ஓர் ஊழியர் கண்டார் என்பதை அதைவிடச் சிறப்பாகச் சொல்லும் மூலம் வேறில்லை. குறை, அதை மட்டுமே மூலமாகக் கொள்வதில்தான் இருக்கிறது. தமிழ்ப் பெந்தெகொஸ்தே வரலாற்றை எழுத முனைவோர் நேர்காணலுக்குப் போகும்போது, சபை அலுவலகத்தின் பழைய பதிவேடுகளையும் மலர்களையும் கேட்டுப் படியெடுத்துக்கொள்வதை ஆய்வின் முதல் படியாக்க வேண்டும். வேதாகமக் கல்லூரிகள் அவற்றைத் தொகுக்கத் தொடங்கினால், தலைவர்களின் பட்டியலாக இருக்கும் இந்த வரலாறு சபைகளின் வரலாறாக விரியும்.