மண்ணை விழுங்கத் தெரியாத பீரங்கி

போன வாரம் ஐரோப்பியக் கோட்டைகளைப் பற்றிப் படித்த நண்பர், மணியாச்சி சந்திப்பில் டீ குடித்தபடி அலுத்துக்கொண்டார்: "நம்ம பக்கம் அப்படி ஒண்ணும் இல்லையே!"

இருந்தது. மணியாச்சிக்குக் கிழக்கே, ஒட்டப்பிடாரத்தைத் தாண்டினால் பாஞ்சாலங்குறிச்சி. இப்போது அங்கே நிமிர்ந்து நிற்பது 1974-இல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. பாளையக்காரர் கட்டபொம்மன் வாழ்ந்தது மண் கோட்டையில். 1801-இல் அந்தக் கோட்டைக்காக நடந்த சண்டையில் இருந்த வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி அதன் அளவை எழுதி வைத்திருக்கிறார்: நீளம் சுமார் 500 அடி, அகலம் 300 அடி, சுவரின் உயரம் 12 அடி.

மண்ணா என்று முகம் சுளிக்க வேண்டாம். 1066-இல் இங்கிலாந்தில் இறங்கிய நார்மன் வில்லியம், ஹேஸ்டிங்ஸில் எழுப்பியதும் மண்மேடுதான், மேலே மரவேலி. கல் பிறகுதான் வந்தது. அந்தக் கல்லுக்கும் காலம் முடிந்தது. 1453-இல் கான்ஸ்டான்டினோபிளின் மதிலை உஸ்மானியப் பீரங்கிகள் உடைத்தன. அடிபட்டால் கல் சிதறும். மண்ணோ குண்டைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். ஐரோப்பியப் பொறியாளர்களே பிறகு தணிந்த, தடித்த மண் அரண்களுக்குத் திரும்பினார்கள்.

நம்மூர்க் கணக்குக்கு வருவோம். 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டு, கோட்டையைத் தரைமட்டமாக்கியது கிழக்கிந்தியக் கும்பினி. 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பினார். ஒரு வாரம் கழித்து கும்பினி அதிகாரி மெக்காலேயின் படை வந்து பார்த்தால், இடித்த இடத்தில் சுவர் எழும்பி நிற்கிறது! கல்லாக இருந்திருந்தால் அது நடந்திருக்குமா? கல் வெட்ட வேண்டும், வண்டியில் ஏற்ற வேண்டும், கொத்தனைத் தேட வேண்டும். மண்ணுக்கு மண்வெட்டியும் ஊரும் போதும்.

மார்ச் 31-ஆம் தேதி சுவரில் உடைப்பு ஏற்படுத்திப் பாய்ந்த கும்பினிப் படையினரை உள்ளிருந்து நீண்ட வேல்கள் குத்தித் தள்ளின. தாக்குதல் தோற்றது. கும்பினித் தளபதி அக்னியூ கூடுதல் படையும் பீரங்கிகளும் கொண்டுவந்த பிறகே, மே 24-இல் கோட்டை விழுந்தது. அப்போதும் ஊமைத்துரை கையில் சிக்கவில்லை. நவம்பரில்தான், அதே பாஞ்சாலங்குறிச்சியில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

கோட்டை நின்ற இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். செத்துப்போன வெள்ளை அதிகாரிகளுக்கு மட்டும் கல்லறை கட்டினார்கள்.