அம்புமுனை செதுக்கிய விரல்கள்



ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்து மண்ணில் கல் கிடையாது. தென்னையும் செம்பனையும் நிற்கின்ற இந்நிலம் ஆறுகளும் கடலும் சேர்ந்து கொண்டுவந்து போட்ட வண்டல். எவ்வளவு தோண்டினாலும் களிமண்தான் வரும். சாலைக்குக் கொட்டும் சரளைகூட வெளியூரிலிருந்து லாரியில் வந்ததே. இத்தகைய ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு, நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் வரும் கற்காலம் எங்கோ தொலைதூரத்தில் நடந்த கதையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் பாகான் டத்தோ அருகே கடலில் கலக்கின்ற பேராக் ஆற்றின் வழியே மேலே சென்றால், கோலகங்சாரையும் தாண்டி லெங்கோங் பள்ளத்தாக்கை அடையலாம். கற்காலத்தைக் கற்பிக்க இந்நாட்டில் அதைவிடச் சிறந்த இடம் இல்லை.

கற்கால மனிதனை வரையச் சொன்னால் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு வில்லையும், முக்கோணக் கல்முனை பொருத்திய அம்பையும் வரைந்துவிடுவர். அழகிய படம்தான். ஆனால் அந்த முக்கோண முனை பெரும்பாலும் அமெரிக்கப் பழங்குடிகளின் கைவினை. கேலிச்சித்திரங்களின் வழி நம் வகுப்பறைக்குள் வந்து சேர்ந்தது. லெங்கோங்கில் கிடைத்தவை வேறு. எனவே இரண்டு தொழில்நுட்பங்களையும் பிரித்தறிவது ஆசிரியர்களாகிய நமக்குத் தேவை.

லெங்கோங் அருகே உள்ள கோத்தா தம்பானை 1938-இல் எச்.டி. கோலிங்ஸ் அகழ்ந்தார். பின்னர் 1987-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சுரைனா மஜீத் தலைமையில் நடந்த அகழாய்வில், பழங்கால ஏரிக்கரையில் அமைந்திருந்த ஒரு கற்கருவிப் பட்டறையே அப்படியே வெளிப்பட்டது. அடித்தளக்கல், சுத்தியல் கல், செதுக்கிய மூலக்கல், செதில்கள், கழிவுத் துண்டுகள் யாவும் வேலையாள் எழுந்துபோன நிலையில் கிடந்தன. சுமத்திராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது வந்த சாம்பலோடு இப்பட்டறையைத் தொடர்புபடுத்துகின்றனர். குனோங் ருந்தோ குகையில் 1991-இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட, சுமார் 10,000 ஆண்டுப் பழமையான பேராக் மனிதனைப் பற்றிப் பாடநூலே கூறுகிறது. 2012-இல் இப்பள்ளத்தாக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

கோத்தா தம்பான் மக்கள் ஆற்றுக் கூழாங்கற்களை வேறொரு கல்லால் தட்டிச் செதுக்கினர். இது தட்டிச் செதுக்கும் முறை. அம்புமுனைக்கு உரிய மெல்லிய, சமச்சீரான வடிவம் இம்முறையால் மட்டும் எளிதில் கைகூடாது. அதற்கு அழுத்திச் செதுக்கும் முறை வேண்டும். இங்கே சற்று நின்று, அது எவ்வாறு நடைபெறுகிறது என்று பார்ப்போம். எந்தப் பாடநூலும் இதை விளக்குவதில்லை.

எல்லாக் கல்லும் இதற்கு உதவாது. நம் பாட்டிமார் மிளகாய் அரைத்த அம்மிக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது கருங்கல். பருத்த மணிகள் ஒன்றோடொன்று இறுகியது. அதில் விரிசல் ஒரு மணியைச் சந்தித்ததும் திசை மாறி நின்றுவிடும். ஆகையால்தான் அம்மியைச் செதுக்காமல் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்துகிறோம். சக்கிமுக்கிக் கல், செர்ட், எரிமலைக் கண்ணாடி போன்றவற்றில் மணிகள் மிக நுண்ணியவை, அல்லது இல்லவே இல்லை. அவற்றில் விசை நீரலைபோல் பரவுகிறது. உடைந்த பரப்பில் கிளிஞ்சலின் வரிகளைப் போன்ற வளையங்கள் தோன்றும். விளிம்பு சிதைந்த கண்ணாடிக் குவளை வீட்டில் இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், தொடவிட வேண்டாம்.

செய்பவர் முதலில் தட்டும் முறையால் இலை வடிவில் ஒரு செதிலை ஆயத்தம் செய்துகொள்கிறார். உள்ளங்கையில் தடித்த தோல் துண்டை விரித்து, அதன்மேல் செதிலை வைத்து விரல்களால் இறுகப் பிடிக்கிறார். அடுத்து அவர் செய்வது புதிதாகக் கற்போரைக் குழப்பும் செயல்: கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்பை முரட்டுக் கல்லில் தேய்த்து மழுக்குகிறார். மழுக்காத விளிம்பு மெலிதாக இருப்பதால் அழுத்தம் தாங்காது நொறுங்கிவிடும். மழுக்கிய விளிம்பில் மான்கொம்பின் முனையை ஊன்றி, முதலில் கல்லின் உள்நோக்கி உடலின் எடையையே சாய்த்து அழுத்துகிறார். விசை நிறைந்த கணத்தில் முனையைச் சற்றே கீழ்நோக்கித் திருப்புகிறார். மெல்லிய ஓசையோடு ஒரு செதில் அடிப்பக்கத்திலிருந்து கழன்று தோலின்மேல் விழுகிறது. உள்நோக்கிய அழுத்தம் குறைந்தால் செதில் பாதியில் முறிந்து படிக்கட்டுபோல் ஒரு தழும்பு நிற்கும். அதை நீக்குவது பெரும்பாடு. ஒரு செதில் கழன்ற இடத்தின் ஓரத்தில் மேடு ஒன்று உண்டாகும். அடுத்த செதில் அம்மேட்டின் வழியே ஓடும். ஆகவே ஒவ்வொரு செதிலும் அடுத்ததற்குப் பாதை போடுகிறது. கல்லைத் திருப்பித் திருப்பி இருபுறமும் இவ்வாறு செய்து, இறுதியில் காம்போடு சேர்த்துக் கட்டுவதற்கான பள்ளங்களை வெட்ட வேண்டும்.

இதில் கண்ணைவிட மணிக்கட்டுக்கே வேலை அதிகம். பேராக் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் முன்னோருக்கு இது புதிதாகத் தோன்றியிராது. கத்தி பட்டையில் ஆழமாகப் போனால் மரத்திற்குக் காயம். மேலோடு நின்றால் பால் போதாது. இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். விடியற்காலை இருளில், நெற்றி விளக்கின் ஒளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் அவ்வளவைக் கைக்கணக்காகவே காத்தனர். அவர்களை எழுத்தறியாத கூலிகள் என்று எழுதிச் சென்றவர்கள் உண்டு. கற்கால மனிதனை 'நாகரிகமற்றவன்' என்று ஒரு சொல்லில் கடந்துபோகும் பழக்கமும் அதே பார்வையின் பிள்ளைதான் என்பது என் கருத்து.

அழுத்திச் செதுக்கும் முறை எவ்வளவு பழையது? பிரான்சின் சொலுத்ரே காலத்து மக்களே சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் இதைக் கண்டுபிடித்தனர் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2010-இல் அக்கருத்து மாறியது. தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில் கிடைத்த, சுமார் 75,000 ஆண்டுப் பழமையான முனைகளிலும் இம்முறையின் தடயம் இருப்பதாக ஆய்வாளர்கள் அறிவித்தனர். அம்மக்கள் கல்லை முதலில் நெருப்பில் பதமாகச் சூடேற்றிப் பிறகு செதுக்கியிருந்தனர்.

தமிழ் மண்ணிலும் இக்கலை இருந்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டக் கடலோரத்தில் தேரி எனப்படும் செம்மணல் மேடுகள் உள்ளன. அங்கே சாயர்புரம் முதலிய இடங்களில் நுண்கற்கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. முதலில் கண்டு சேகரித்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-இல் பல்லாவரத்தில் கைக்கோடரியைக் கண்டெடுத்த அதே நிலவியலாளர். 1956-இல் ஸோய்னர், பிரிட்ஜெட் ஆல்ச்சின் இருவரும் தேரிக் கருவிகளை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். படிகக்கல்லிலும் செர்ட்டிலும் செய்த அக்கருவிகளுள், இருபுறமும் அழுத்திச் செதுக்கிய சிறு முனைகளும் உள்ளன. இலங்கையில் கிடைத்த முனைகளோடு அவை ஒத்திருப்பதும் கவனிக்கப்பட்டது. பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இரு நிலங்களும் ஒன்றாக இணைந்திருந்தவை.

இவ்விடத்தில் ஒரு சொல். தேரி முனைகளையோ, அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகளையோ காட்டி, உலகின் முதல் மனிதன் தமிழனே என்று முழங்கும் கட்டுரைகள் நம்மிடையே உலவுகின்றன. அத்திரம்பாக்கத்தின் பழைய கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் அறிவித்தனர். அக்காலத்தில் நம்முடைய மனித இனமே தோன்றியிருக்கவில்லை. செய்தவர் நமக்கு முந்திய வேறு மனித இனத்தார். அவர்கள் என்ன மொழி பேசினர், மொழி பேசினரா என்பதைக் கல் சொல்லாது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குத் தமிழின் தொன்மையைச் சொல்லக் கல்வெட்டும் சங்கப் பாடலும் அகழாய்வும் போதிய சான்று தருகின்றன. இல்லாத சான்றைச் சேர்த்துச் சொன்னால், இடைநிலைப் பள்ளியில் வேறோர் ஆசிரியர் அதை மறுக்கும் நாளில், பிள்ளை நாம் சொன்ன உண்மைகளையும் சேர்த்தே கைவிட்டுவிடும்.

மொழியைச் சொல்லாத கல், கற்பித்தவரின் கையைச் சில வேளைகளில் காட்டிக்கொடுக்கிறது. 1911-இல் கலிபோர்னியாவின் ஒரோவில் நகரருகே இஷி என்று பின்னர் அழைக்கப்பட்ட ஒருவர் தனியாக வெளிப்பட்டார். குடியேறிகளின் படுகொலைகளால் அழிக்கப்பட்ட யாஹி இனத்தின் கடைசி மனிதர் என்று அவரை அறிவித்தனர். 1916-இல் காசநோயால் இறக்கும்வரை சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் வாழ்ந்து, வந்தவர் முன்னிலையில் புட்டிக் கண்ணாடியிலும் எரிமலைக் கண்ணாடியிலும் அம்புமுனை செதுக்கிக் காட்டினார். எண்பது ஆண்டுகளுக்குப் பின் ஸ்டீவன் ஷேக்லி என்னும் ஆய்வாளர் அம்முனைகளை அளந்து பார்த்தபோது, அவை யாஹி நிலத்தின் பழைய முனைகளைவிட அண்டைக் குலத்தவரின் முனைகளையே ஒத்திருந்தன. ஆகவே இஷிக்குக் கற்பித்தவர் அண்டைக் குலத்து உறவினராக இருக்கலாம் என்று அவர் கருதினார். பெயரறியாத அந்த ஆசிரியரைப் பற்றி நமக்குக் கிடைத்த சான்று மாணவரின் கைவேலை ஒன்றுதான்.

பள்ளியில் இதைச் செய்து காட்ட எண்ணுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. பிள்ளைகளின் கையில் கல்லையோ கண்ணாடியையோ கொடுக்கலாகாது. பெரியவர் ஒருவர் கண்ணாடிக் காப்பும் தோல் கையுறையும் அணிந்து, திறந்த வெளியில் செய்து காட்டலாம். சிதறிய துண்டுகளைத் துணி விரித்துச் சேகரிக்க வேண்டும். தூசும் தீங்கானது. குசராத்தின் கம்பாத் நகரில் இன்றும் அகேட் கல்லைச் சூடேற்றி, நிலத்தில் நட்ட இரும்புக் கூர்முனையில் வைத்து, எருமைக்கொம்புச் சுத்தியலால் தட்டி மணிகள் செய்கின்றனர். அத்தொழிலாளர் பலரின் நுரையீரலைக் கல்தூசு நோய் அரித்திருக்கிறது.

லெங்கோங்கிற்கு மாணவரை அழைத்துச் செல்லும் பேருந்து தெலுக் இந்தானைக் கடந்து ஈப்போ வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். அந்நகரின் பெயர் ஈப்போ என்னும் மரத்திலிருந்து வந்தது. அதன் பாலை நஞ்சாக்கி, பனையினத் தாவரங்களின் காம்பில் சீவிய மெல்லிய ஈர்க்குகளின் நுனியில் பூசி, சும்பித் என்னும் ஊதுகுழலால் பூர்வகுடி மக்கள் மரத்தின் மேலிருக்கும் குரங்கையும் அணிலையும் வீழ்த்தினர். நஞ்சு வேலையைச் செய்யும்போது கனத்த கல்முனைக்கு அங்கே தேவை இல்லை. பிள்ளைகள் வரையும் முக்கோண அம்புமுனை பேராக் காட்டுக்கு ஏன் பொருந்தாது என்று பேருந்திலேயே அவர்களிடம் கேட்கலாம். ஈப்போ வருவதற்குள் யாராவது விடை சொல்லிவிடுவார்கள்.