ஆம்ஸ்ட்ராங் கோடு: எந்த ஆம்ஸ்ட்ராங்?

ஆம்ஸ்ட்ராங் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் 1969இல் நிலவில் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங்தான். விண்வெளி நூல்களில் 'ஆம்ஸ்ட்ராங் கோடு' என்றோ 'ஆம்ஸ்ட்ராங் எல்லை' என்றோ படித்தால் அதையும் அவர் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். நானும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அது தவறு. அந்தப் பெயருக்கு உரியவர் ஹாரி ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் என்ற படை மருத்துவர். 1899இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் டி ஸ்மெட் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1930இல் நீல் பிறந்தபோது, ஹாரி மருத்துவப் பட்டம் பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆம்ஸ்ட்ராங் என்பது இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புறத்துக் குடிப்பெயர். 'ஆம்' என்றால் கை, 'ஸ்ட்ராங்' என்றால் வலிய. நம் வழக்கில் சொன்னால் திண்தோளன். அந்தக் குடியின் பழைய ஊரான லாங்ஹோம், 1972இல் நீல் ஆம்ஸ்ட்ராங்கை அழைத்துச் சிறப்பித்தது. எல்லைக் குடி ஒன்றின் பெயர் வானத்து எல்லை ஒன்றுக்கும் அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

ஹாரியின் பதவிப் பெயரிலும் ஒரு கை இருக்கிறது. அவர் 'ஃப்ளைட் சர்ஜன்'. விமானிகளின் உடல்நலத்தைக் கவனிக்கும் படை மருத்துவருக்கு முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கர்கள் வைத்த பெயர் இது. தமிழில் இதை 'விமான அறுவை மருத்துவர்' என்று பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும்; இவர் கத்தியோடு விமானம் ஏறுபவர் அல்லர். 'சர்ஜன்' என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'கெய்ர்' என்றால் கை, 'எர்கோன்' என்றால் வேலை. கையால் வேலை செய்பவர் என்பதே முதற்பொருள். நாமும் கைராசிக்கார டாக்டர் என்கிறோம். நாடி பார்ப்பதைக் கை பார்ப்பது என்கிறோம். போர்க்களத்து மருத்துவத்தில் வெட்டுவதும் கட்டுவதுமே பெரும்பாலான வேலையாக இருந்த காலத்தில் படை மருத்துவர்களுக்கு ஒட்டிக்கொண்ட அந்தப் பெயர், கத்தி எடுக்காதவருக்கும் நிலைத்துவிட்டது.

1930களின் நடுவில் ஒஹையோவில் உள்ள ரைட் ஃபீல்டு விமானத் தளத்தில், விமானிகளின் உடலை ஆராயும் கூடத்தை ஹாரி நிறுவினார். விமானங்கள் மேலே மேலே பறக்கத் தொடங்கியிருந்தன. உள்ளே இருக்கும் மனிதனுக்கு என்ன ஆகிறது என்பதை அறிந்தவர் குறைவு. காற்றை உறிஞ்சி உயரத்தின் அழுத்தக் குறைவை உண்டாக்கும் இரும்பு அறைக்குள் தாமே உட்கார்ந்தார். அங்கே ஒருமுறை தம் விரல்களின் தசைநாண்களில் சிறு குமிழ்கள் வரிசையாகத் தோன்றுவதைக் கண்டார். உடலில் கரைந்திருந்த நைட்ரஜன், அழுத்தம் குறைந்ததும் சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் வெளிவந்தது. திண்தோளன் என்ற பெயருடையவர் தம் கையிலேயே அதைப் பார்த்திருக்கிறார்.

ஆம்ஸ்ட்ராங் கோடு என்பது இதற்கு அடுத்த படி. மலையூர்களில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், பருப்புதான் வேகாது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையும். அதோடு கொதிநிலையும் இறங்கும். ஏறத்தாழ 19 கிலோமீட்டர் உயரத்தில், அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பதினாறில் ஒரு பங்காகும்போது, தண்ணீர் 37 டிகிரியிலேயே கொதிக்கும். அது நம் உடற்சூடு. அதற்கு மேலே வெறும் ஆக்சிஜன் முகமூடி உதவாது. அழுத்த உடையோ அடைத்த அறையோ வேண்டும்.

அங்கே இரத்தம் கொதிக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். கோபத்தில் இரத்தம் கொதிக்கிறது என்று பேசிப் பழகிய நமக்கு அது எளிதில் மனத்தில் ஒட்டும். ஆனால் நாளங்களுக்குள் இரத்தத்துக்குத் தனி அழுத்தம் உண்டு. அது பானைத் தண்ணீர்போல் உடனே கொதிப்பதில்லை. முதலில் கொதிப்பவை கண்ணீரும் உமிழ்நீரும் நுரையீரலின் ஈரமும். இந்நிலைக்கு மருத்துவர்கள் இட்ட பெயர் 'எபுலிசம்'. குமிழ்விட்டுப் பொங்குதல் என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'உடல்நீர்க் கொதிப்பு' எனலாம்.

1966இல் ஹூஸ்டனில் வெற்றிட அறையில் நடந்த சோதனையில் ஜிம் லெப்ளாங்க் என்பவரின் உடையிலிருந்து காற்றுக்குழாய் கழன்றது. சில நொடிகளில் நினைவிழந்தார்; பிழைத்துக்கொண்டார். நாக்கின்மேல் உமிழ்நீர் குமிழிட்டதே கடைசியாக நினைவிருந்தது என்றார். அதற்கு முன், 1960இல் பலூனில் 31 கிலோமீட்டர் உயரத்துக்குச் சென்று குதித்த ஜோ கிட்டிங்கருக்கு வலக் கையுறையில் அழுத்தம் ஏறவில்லை. கை வீங்கி வலித்தது. தரையிறங்கிய பின் சரியானது. இங்கும் கைதான்.

ஹாரி 1939இல் எழுதிய விமான மருத்துவ நூல் அத்துறையின் பாடநூலானது. 1949இல் டெக்சஸ் ராண்டால்ஃப் ஃபீல்டு விமான மருத்துவப் பள்ளியில் விண்வெளி மருத்துவத்துக்கென்றே ஒரு துறையைத் தொடங்கினார். அப்போது மனிதன் செய்த எந்தத் துணைக்கோளும் வானில் இல்லை. அதே ஆண்டில் அமெரிக்க விமானப்படையின் சர்ஜன் ஜெனரலாகி 1954வரை இருந்தார். மேஜர் ஜெனரலாக ஓய்வுபெற்ற அவர் 1983இல் மறைந்தார்.

ஒன்றை மறைக்கக்கூடாது. விண்வெளி மருத்துவத் துறைக்கு ஹாரி அமர்த்திய தலைவர் ஜெர்மானியரான ஹூபர்டஸ் ஸ்ட்ரக்ஹோல்ட். நாஜிக் காலத்து மனிதச் சோதனைகளோடு அவருக்கிருந்த தொடர்பு குறித்த கேள்விகள் ஓயவில்லை. அவர் பெயரில் வழங்கப்பட்ட விருது 2013இல் கைவிடப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்த அவசரத்தில் இவரைப் போன்ற ஜெர்மானிய விஞ்ஞானிகளை அமெரிக்கா சேர்த்துக்கொண்ட முடிவில் ஹாரிக்கும் பங்குண்டு. அவருடைய அறிவியலை மதிப்பதால் இந்தப் பொறுப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பாடம் நடத்தும் ஆசிரியர்களையும் அறிவியல் எழுதும் நண்பர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்தமுறை இந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லும்போது 'ஹாரி ஆம்ஸ்ட்ராங் கோடு' என்று முழுப்பெயர் சொல்லுங்கள்.