குன்றிமணியும் கோயிற் கணக்கும்

கும்பாபிஷேக நன்னாளிலே, வேதியர் மறையொலியும் மங்கல வாத்தியமும் வானளாவ, அன்பர்களின் கண்கள் யாவும் விமானத்தின் உச்சியையே நோக்கி நிற்கும். கலசத்தின்மீது புனித நீர் வழியும் அவ்வேளையில், அதன் பொன்மெருகு கதிரொளியில் மின்னக் கண்டு கைகள் தாமே குவியும். அத்தகைய பொன்னைப் பண்டைத் தமிழர் எதனைக் கொண்டு நிறுத்தனர் என்று ஆராயப் புகுந்தால், விமானத்தின் உச்சியிலிருந்து பார்வையை இறக்கி, ஊர்ப்புறத்து வேலியோரத்தை நோக்க வேண்டியிருக்கிறது. ஆங்கே, விதைப்பாரும் நீர்வார்ப்பாரும் இன்றித் தானே முளைத்துப் படரும் குன்றிக்கொடியின் சிறு விதையே, கோயிற் பொன்னுக்கும் மணிக்கும் முத்துக்கும் அடிப்படை நிறையாய் விளங்கியது.

தூத்துக்குடிக்கு வடமேற்கே, ஓட்டப்பிடாரத்தைச் சூழ்ந்து கிடப்பது கரிசல் நிலம். வ. உ. சிதம்பரனார் 1872ஆம் ஆண்டில் பிறந்த பெருமையும், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை அண்டை அயலாகக் கொண்ட பெருமையும் உடையது இவ்வூர். வானம் பார்த்த பூமியாதலின், பருவமழை பொழிந்தால் பசுமை பூண்டும், பொய்த்தால் வெடித்துப் பிளந்தும் கிடக்கும். உடைமரமும் பனையும் முட்புதரும் மண்டிய இத்தகைய வறள் நிலமே குன்றிக்கொடிக்கு உகந்த இடம். உழுத வயலில் அதற்கு இடமில்லை. வேலியும் ஓடைக்கரையும் குன்றின் சரிவுமே அதன் உறைவிடங்கள்.

குன்றி பல்லாண்டு வாழும் கொடியினம். அதற்குப் பாகலுக்கும் பீர்க்குக்கும் உள்ளவை போன்ற பற்றுக்கம்பிகள் இல்லை. தன் மெல்லிய தண்டினாலேயே அருகில் நிற்கும் செடியை வளைத்து வளைத்துச் சுற்றி மேலேறும். இளந்தண்டு பசுமையாயும் முதிர்ந்த அடித்தண்டு மரம்போல் வைரித்தும் இருக்கும். இலை புளியிலையை ஒத்தது. நடுநரம்பின் இருமருங்கும் ஏறக்குறையப் பத்து முதல் பதினைந்து இணைச் சிற்றிலைகள் வரிசையாய் அமைந்திருக்கும். நுனியில் தனிச் சிற்றிலை இராது. இரவு வந்ததும் இச்சிற்றிலைகள் தொங்கிக் குவிந்து, விடிந்ததும் விரியும். மழைக்காலத்தை ஒட்டி வெளிறிய செந்நீல நிறத்துச் சிறு பூக்கள் கொத்துக்கொத்தாய்ப் பூக்கும். அவரைக் குடும்பத்துப் பூக்கள் பலவற்றில் கேசரங்கள் பத்து இருக்க, குன்றிப் பூவில் ஒன்பதே உண்டு என்பது தாவர நூலார் குறிக்கும் தனி அடையாளம்.

பூத்தபின் வருவது சிறிய தட்டைக் காய். அது முற்றி உலர்ந்ததும் இருபுறமும் சுருண்டு வெடிக்கும். உள்ளிருக்கும் மூன்று முதல் ஆறு வரையிலான விதைகள் உடனே உதிர்ந்துவிடுவதில்லை. வெடித்த காயின் ஓரத்திலேயே நெடுநாள் ஒட்டிக்கொண்டு செந்நிறமாய் ஒளிரும். விதையின் பெரும்பகுதி செம்மை. காயோடு ஒட்டியிருந்த வாய்ப்புறம் மட்டும் கருமை. இதுவே சிறுவர் முதல் முதியோர் வரை யாவரும் அறிந்த குன்றிமணி. முழுதும் வெண்மையாய் விளையும் வெண்குன்றியும் உண்டு. அதனை மருத்துவர் தனியே போற்றுவர்.

இக்கொடி தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவின் வெப்பப் பகுதி ஆகிய இடங்களில் இயற்கையாகவே வளர்கிறது. மனிதர் கைவழியே அமெரிக்கக் கண்டத்துக்கும் சென்று, மேற்கிந்தியத் தீவுகளிலும் புளோரிடாவிலும் அடக்கவொண்ணாத களையாகப் பரவிவிட்டது. இதன் தாவரப் பெயர் ஏப்ரஸ் பிரிகடோரியஸ் என்பது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் வழங்கிய அப்பெயரின் பிற்பாதி, ‘வழிபாட்டுக்குரியது’ என்னும் கருத்துடைய இலத்தீன் சொல். மேனாட்டார் இவ்விதைகளைக் கோத்துச் செபமாலையாகக் கொண்டமையால் இப்பெயர் அமைந்தது. தமிழகத்திலோ, விநாயக சதுர்த்தியன்று களிமண்ணால் பிடித்த பிள்ளையாருக்குக் குன்றிமணியே திருக்கண்ணாகிறது. கடல் கடந்த நாடுகளிலும் இவ்விதை இறைவழிபாட்டோடு இணைந்தே நின்றமை வியக்கத்தக்கது.

ஆயினும் இவ்வழகிய மணிக்குள் கொடிய நஞ்சு உறைகிறது. ஏப்ரின் என்னும் அந்நச்சுப் புரதம், உடலின் உயிரணுக்கள் தமக்கு வேண்டிய புரதங்களை ஆக்கும் தொழிலையே நிறுத்திவிடும். இதனை முறிக்கும் தனி மருந்து இன்றுவரை இல்லை. மேலோடு உடைந்து விதை மென்று தின்னப்படுமாயின் உயிருக்கே இறுதி நேரும்; ஆதலின் சிறு குழந்தைகளின் கையில் இதனை ஒருபோதும் விளையாடக் கொடுத்தல் ஆகாது. சித்த மருத்துவர்கள் விதையை முறைப்படி சுத்தி செய்த பின்னரே மருந்திற் சேர்ப்பர்.

இனி, குன்றிமணி நிறைகல் ஆனது எவ்வாறு என்பதைக் காண்போம். இதன் மேலோடு மிகவும் கடினமானது. நீரை எளிதில் உட்கொள்ளாது. மழைநாளில் ஈரம் ஏறி எடை மிகுவதும், கோடையில் உலர்ந்து எடை குறைவதும் ஏனைய தானியங்களுக்குப் போல் இதற்கு இல்லை. பல்லாண்டு வைத்திருந்தாலும் சுருங்காது. ஒரு குன்றியின் எடை ஏறக்குறைய ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கு. சிறிதாயும், எங்கும் கிடைப்பதாயும், நிலைத்த எடையுடையதாயும் இருந்தமையால் பொற்கொல்லரின் சிறுதராசில் இது இடம் பெற்றது. வடநாட்டார் இதனைக் குஞ்சா என்றும் இரத்தி என்றும் வழங்கினர். ஐந்து குஞ்சா கொண்டது ஒரு பொன் மாஷம் என்றும், பதினாறு மாஷம் கொண்டது ஒரு சுவர்ணம் என்றும் கௌடலீயரின் அர்த்த சாத்திரம் வரையறுக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் பொற்றுகளை நாணயமாக வழங்கிய அகான் மக்களும் இவ்விதையைச் சிறு நிறையாகக் கொண்டனர்.

தமிழகத்தில் இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. மஞ்சாடி என்பது கொடியன்று. ஆனைக்குன்றிமணி என வழங்கும் மரத்தின் விதை. அது கருங்கண் இல்லாமல் முழுதும் செந்நிறமாய் இருக்கும். ஆகவே, நாற்பது குன்றி சேர்ந்தால் ஒரு கழஞ்சு என்பது கணக்கு.

இக்கணக்குக்கும் இக்கடற்கரைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பொருநையாறு கடலொடு கலக்குமிடத்தில் விளங்கிய கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகம். கி. பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய எரித்திரியக் கடற்செலவு நூல், பாண்டிய நாட்டின் இத்துறையைப் பெயர் சுட்டிக் கூறி, இங்கு முத்துக்குளிக்கும் தொழிலில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் தெரிவிக்கிறது. கொற்கையின் துறை மணல் மூடிப் போனபின் காயலும், அதன்பின் தூத்துக்குடியும் அத்தொழிலுக்கு நிலைக்களம் ஆயின. மன்னார் வளைகுடாவில் எடுத்த முத்துகளைப் பிற்காலத்து வணிகர் பத்துப் பித்தளைச் சல்லடைத் தட்டுகளில் சலித்துத் தரம் பிரித்தனர். முதல் தட்டில் 20 துளைகள். பத்தாவது தட்டில் 1000 துளைகள். இவ்வாறு பருமனால் பிரித்தபின், நிறத்தையும் உருவத்தையும் நோக்கி, மஞ்சாடிக் கணக்கில் நிறுத்து விலை மதித்தனர். 1955 முதல் ஆண்டுதோறும் தொடர்ந்து நடந்த தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. கடல் ஈந்த முத்தும், வேலி ஈந்த விதையும் தராசின் இருதட்டுகளில் ஒன்றையொன்று எதிர்நோக்கி நின்ற காட்சி இன்று பழங்கதையே.

அக்காட்சியின் மாண்பை முழுதும் உணர விரும்புவோர் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைக் காணல் வேண்டும். முதலாம் இராசராச சோழன் தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது கி. பி. 1010இல், ஸ்ரீவிமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் ஒன்றை அளித்தான். அதன் எடை 3083 பலம். அதன்மீது போர்த்த பொன் 2926½ கழஞ்சு. இத்தனை பெரிய தொகையில் அரைக் கழஞ்சையும் விட்டுவிடாமல் கல்லில் வெட்டினர் என்பதை நோக்குக. இதனைக் குன்றிக் கணக்கில் மாற்றினால் 1,17,060 குன்றியாகும்.

அக்கோயிலில் பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய கல்லும், மணிகளையும் முத்துகளையும் நிறுக்கத் ‘தக்ஷிணமேரு விடங்கன்’ என்னும் பெயருடைய கல்லும் இருந்தன. இவ்விரண்டும் அங்கு எழுந்தருளிய இறைவனின் திருநாமங்கள். விதைக்கு விதை எடை சிறிது வேறுபடும் என்பதைப் பொற்கொல்லர் நன்கு அறிவர். கனத்த விதையைத் தேர்ந்து வாங்கவும், இலேசான விதையைத் தேர்ந்து விற்கவும் மனம் உடையாரும் உலகில் உண்டு. ஆதலின் குன்றி என்பது அளவின் பெயராய் நிற்க, அவ்வளவுக்கு உறுதி தந்தது ஆண்டவன் பெயர் பூண்ட கல். இறைவன் திருநாமம் பூண்ட கல்லால் நிறுக்கும்போது கை தவறினும் மனம் தவறாது என்பது முன்னோர் கொண்ட நம்பிக்கை போலும்.

அக்கல்வெட்டுகளிலே முத்துகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து எனப் பலவாறு வகுத்து எழுதப்பட்டுள்ளன. குளிர்ந்த நீருடையது, சிவந்த நீருடையது என ஒளியும் குறிக்கப்பட்டுள்ளது. அரசன் அளித்தது என்பதற்காகக் கறடான முத்தை நல்முத்து என்று எழுதவில்லை. அணிகலன்களை நிறுக்குமிடத்துக் கோத்த சரடும் சட்டமும் செப்பாணியும் அரக்கும் நீக்கி எடை கண்டதாகவும் காண்கிறோம். அரக்கின் எடையைப் பொன்னின் எடையாகக் காட்ட அக்கணக்கர் உடன்படவில்லை. கழஞ்சுக்குக் கீழ் மஞ்சாடி, மஞ்சாடிக்குக் கீழ் குன்றி என இறுதிவரை இறங்கி எழுதினர்.

இவற்றினும் சிறந்த செய்தி ஒன்று உண்டு. தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை குந்தவையார் கொடுத்தவற்றையும், தேவியர் கொடுத்தவற்றையும் மட்டுமன்றி, பிறர் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டும்படி இராசராசன் திருவாய் மலர்ந்தருளினான். அவ்வாறே, கோயிலில் ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் எழுந்தருளுவித்த நாயன்மார் செப்புத் திருமேனிகளும், அவற்றுக்கு அவன் சாத்திய அணிகளும் அரசன் கொடையைப் போலவே எழுதப்பட்டன. பேரரசனின் 2926½ கழஞ்சுக்கும், சிறு கொடையாளியின் சில மஞ்சாடிக்கும் அடிப்படை அலகு ஒன்றே. அது வேலியோரத்துக் குன்றியே.

திருவள்ளுவரும் குன்றியை ஈரிடத்தில் எடுத்தாள்கிறார். குன்றிபோலப் புறத்தே செம்மை காட்டி, அகத்தே கருமை உடையவர்களைக் கூடாவொழுக்கத்தில் கடிகிறார். மலைபோல் உயர்ந்தவரும், தாழ்வுக்குரிய செயலைக் குன்றியளவு செய்யினும் தாழ்ந்து போவர் என்று மானத்தில் எச்சரிக்கிறார். இவ்விரு கருத்துகளும் கோயிற் பொருளைக் கையாள்வோர் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டியவை. ‘சிவன் சொத்து குலநாசம்’ என்பது நாட்டு வழக்கு. மரபுக் கணக்கில் சிறு பொன்னெடையாய் நின்ற விதை கொல்லும் நஞ்சாகவும் இருத்தல், அப்பழமொழிக்கு இயற்கையே எழுதிய உரை எனலாம்.

மெட்ரிக் நிறைகள் 1958ஆம் ஆண்டு முதல் நாட்டில் நடைமுறைக்கு வந்தன. இன்று கோயில் நகைகள் மில்லிகிராம் வரை காட்டும் மின்தராசில் நிறுக்கப்படுகின்றன. முள்வேலிகள் கம்பி வேலிகளாக மாறுமிடங்களில் குன்றிக்கொடிக்குப் பற்றுக்கோடும் அருகி வருகிறது. எனினும் ‘ஒரு குன்றிமணிப் பொன்கூட இல்லை’ என்னும் பேச்சு தமிழ் இல்லங்களில் மறைந்துவிடவில்லை. அச்சொல்லை ஏழைமையின் அடையாளமாக மட்டுமே கொள்ளவேண்டுவதில்லை. குன்றியளவு பொன்னாயினும் அன்போடு கொடுத்தவர் உளரானால், அது நிறுக்கப்பட்டு, எழுதப்பட்டு, போற்றப்பட வேண்டும் என்பதே முன்னோர் வகுத்த முறை.

திருக்குட நன்னீராட்டுக்கு நிலபுலம் விற்றுக் கொடுத்தோரும் உண்டு. காதணியைக் கழற்றிக் கொடுத்த மூதாட்டியரும் உண்டு. கொடுப்போர் தம் கொடையின் சிறுமையை எண்ணி நாணற்க. கணக்கு எழுதுவோர் அச்சிறுமையைக் காரணமாக்கி அதனை விட்டுவிடற்க. விமானத்து உச்சியில் ஒளிரும் கலசம் குன்றி குன்றியாய்ச் சேர்ந்த பொன்னால் ஆனது. அதனை வணங்கும் அன்பர் அனைவர்க்கும் இறையருள் பெருகுவதாக; மாரி வழாது பெய்க; கரிசல் நிலம் செழிக்க; அதன் வேலியோரத்துக் கொடிகளும் வாழ்க.