தொட்டி மரமும் அதன் குளிரும்

ஜப்பானின் ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தாரிடம் ஒரு வெள்ளைப் பைன் போன்சாய் இருந்தது. 1625 முதல் தொட்டியிலேயே வளர்ந்த மரம். 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்தது அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டரில். சுற்றுச்சுவர் மரத்தைக் காத்தது. 1976-இல் மசாரு யமாகி அதைக் குண்டு போட்ட நாட்டுக்கே பரிசளித்தார். அது குண்டுக்குத் தப்பிய கதை, 2001-இல் பேரர்கள் வாஷிங்டன் போய்ச் சொன்ன பிறகே அங்கே தெரிந்தது.

பைன் ஆண்டுதோறும் கடுங்குளிரில் உறங்கி எழ வேண்டும். வாஷிங்டனிலும் ஜப்பானைப் போல உறைபனி உண்டு. மரத்துக்கு அது ஒத்துக்கொண்டது.

நம் வளப்பூர் நாட்டு மார்கழிக் குளிர் பைனுக்குப் போதாது. ஆல், இச்சி வைக்கலாம். ஆண்டு முழுதும் வெளியிலேயே தாங்கும். கோடை மதியத்தில் மட்டும் நிழல் கொடுங்கள். தொட்டியின் கையளவு மண் சீக்கிரம் சுட்டுவிடும்.